சுறவம் சொன்ன பெயர்

தூத்துக்குடியில் புது வீடு கட்டியவர்கள் பால் காய்ச்சுவதற்கு முன்பே வாசல் கேட்டுக்கு உப்புத் தண்ணீர் தெளித்தார்கள். சீக்கிரம் துரு ஏற வேண்டும். துரு தின்ற இரும்பு சாட்சி சொல்லாது.

எஃகுச்செவி வந்த பிறகு ஏற்பட்ட வழக்கம் இது. எஃகு என்பது கோடிக்கணக்கான நுண்மணிகள் நெருக்கியடித்து நிற்கும் கூட்டம். பக்கத்தில் எழும் ஒவ்வொரு ஒலியும் அந்த மணிகளை இம்மியளவு நகர்த்துகிறது. எஃகுச்செவியின் மின்னூசி அந்த நகர்வைத் தடவிப் படித்து, பழைய பேச்சைத் திரும்பப் பேசிக் காட்டும். அதனால் பீரோக்கள் கம்பளி போர்த்திக்கொண்டன. எவர்சில்வர் தம்ளர்கள் பரணுக்குப் போய் மண்குவளைகள் இறங்கின. சம்பந்தம் பேச வந்தவர்கள் மாப்பிள்ளையின் சம்பளத்தைக் கேட்பதற்கு முன் அவன் வீட்டு இரும்புக் கட்டிலைக் கேட்டார்கள். வழக்குகளை உலோகச் சாட்சி ஆயம் விசாரித்தது. இரும்பு சொன்னால் முடிந்தது.

இந்த ஊரில் துருவைத் துடைத்துச் சம்பளம் வாங்கியவள் ஜெனோவா மச்சாது ஒருத்திதான். கடற்கரையில் கரையேற்றி நிறுத்தியிருந்த சுறவம் என்ற போர்க்கால நீர்மூழ்கிக் கப்பலில் அவள் பராமரிப்புத் தொழில்நுட்பர். இப்போது அது அருங்காட்சியகம்.

சுறவத்தின் கதை பள்ளிப் பாடத்தில் இருந்தது. தீவுப் போரின்போது எதிரிக் கப்பல்களுக்கு நேர் கீழே, கடல் தரையில் அது படுத்துக் கிடந்தது. உள்ளே ஓசையடக்கம். செருப்பைக் கழற்றிவிட்டார்கள். கருவிகளைத் துணியில் சுற்றினார்கள். இருமல் வந்தவன் தலையணையைக் கடித்துக்கொண்டான். அந்த அமைதியில் எந்திர அறையில் ஒரு ஸ்பேனர் தரையில் விழுந்தது. மேலே இருந்தவர்கள் கேட்டுவிட்டார்கள். குண்டுகள் இறங்கின. பின்னறையில் நீர் புகுந்து ஒன்பது பேர் செத்தார்கள். சுறவம் எப்படியோ தப்பி வந்தது. வந்ததும், ஸ்பேனரைப் போட்டவன் என்று ஓர் இளைஞனைக் கடற்படையின் தென்கடல் அணி வேலையைவிட்டு நீக்கியது.

அவன் பெயர் சிலுவை மச்சாது. ஜெனோவாவின் அப்பா.

"அந்தக் கப்பல்லயா வேலைக்குப் போற?" என்று ஊரே கேட்டது. "எங்க அப்பா வேலை பாத்த கப்பல வேற எவனும் துடைக்க வேண்டாம்" என்று சொல்லிவிட்டுப் போனாள். அவள் அதிகம் பேசுகிறவள் இல்லை. அந்த ஒரு பதிலைச் சொல்லவே இரண்டு நாள் யோசித்தாள்.

சுறவத்தில் தினமும் ஒலிக்காட்சி நடந்தது. பார்வையாளர்களை எந்திர அறையில் உட்காரவைத்து விளக்கை அணைப்பார்கள். முதலில் அமைதி. பிறகு இரும்பின்மேல் இரும்பு விழும் ஓசை. கப்பல்தலைவராக நடித்தவரின் குரல் சீறும்: "மச்சாது! ஸ்பேனரையா போட்ட?" அடுத்து குண்டுகள். பிள்ளைகள் வீறிடுவார்கள். குண்டோசை முதுகெலும்பில் இறங்க வேண்டும் என்பதற்காகக் கண்காணிப்பாளர் தங்கபாண்டியன் ஒலிபெருக்கிகளை மரச்சட்டத்திலிருந்து கழற்றி, நேராகக் கப்பலின் எஃகுச் சுவரில் போல்ட் போட்டு முடுக்கிவைத்திருந்தார். மணிக்கு ஒரு காட்சி. ஊழியர்களுக்கு அது காதில் விழுவதே நின்றுபோயிருந்தது. அதற்குள்ளேயே சாப்பிட்டார்கள், தூங்கினார்கள். ஜெனோவாவுக்கு மட்டும் விழுந்தது. அவள் பெயரும் அதில் இருந்ததே.

அந்த வருடம் எல்லா அருங்காட்சியகங்களும் தாங்கள் சொல்லும் கதை உண்மை என்று ஆயத்திடம் மெய்ச்சான்று வாங்க வேண்டும் என்று ஆணை வந்தது. சுறவத்துக்கு எஃகுச்செவி வந்தது. சான்று கிடைத்ததும், ஸ்பேனர் விழுந்த இடத்தில் சிலுவையின் பெயரைப் பொறித்த பித்தளைத் தகடு பதிக்கப்படும்.

சிலுவைக்கு அது நல்ல செய்தியாகப் பட்டது. "கேக்கட்டும். நல்லாக் கேக்கட்டும். நான் போடல. போட்டிருந்தா அன்னைக்கே போட்டேன்னு சொல்லிருப்பேன். எத்தனை வருசமா மனுசன் சொல்லிக் கேக்காதவனுவ, இரும்பு சொன்னாக் கேப்பானுவல்ல."

வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்தார்.

ஆயத்தின் தலைவர் வைகுண்டநாதன் எந்திர அறைக்கே வந்து விசாரணை நடத்தினார். சுத்தமான குரல், சுத்தமான கைகள். கருவியை இயக்கும் செவியர் மரகதம் ஊசியைச் சுவரில் வைத்தாள். முதலில் கரகரப்பு. பிறகு ஓசை விழுந்தது. பிறகு குரல்.

"மச்சாது! ஸ்பேனரையா போட்ட?"

சிலுவை எழுந்து நின்றார்.

ஜெனோவா பேசினாள். "ஐயா, அது கப்பல்தலைவர் குரல் இல்ல. நடிகர் குரல். ஒலிக்காட்சில தினமும் வாரது."

"ஊசி எங்கே வைக்கப்பட்டது என்று கவனித்தீர்களா?" என்றார் வைகுண்டநாதன். "பெயிண்டுக்குக் கீழே. அருங்காட்சியகம் ஆனபோதுதான் பெயிண்ட் அடித்தார்கள். அதற்குக் கீழே இருப்பது போர்க்காலத்தில் படிந்த ஒலியடுக்கு. இது ஆயம் ஏற்றுக்கொண்ட அறிவியல்."

"சத்தத்துக்கு பெயிண்ட் என்னய்யா சுவரா? ஒலிபெருக்கிய இரும்புலயே முடுக்கியிருக்காங்க. ஒரு சோதனை செஞ்சு பாக்கலாம்."

"எஃகுச்செவி சோதிக்கும். அதைச் சோதிக்க ஆயத்தில் விதி இல்லை."

தங்கபாண்டியன் ஜெனோவாவின் காதருகில் குனிந்தார். "ஏம்மா, சான்று வந்தா நமக்குத்தானே நல்லது. கொஞ்சம் பேசாம இரியேன்."

"நான் எப்பவும் பேசாமத்தான் சார் இருக்கேன்."

விதியில் ஒன்று மட்டும் இருந்தது. பாதிக்கப்பட்டவர் கேட்டால் ஒரே ஒருமுறை மறுகேட்பு உண்டு. ஆயம் கூடும் அடுத்த பருவத்தில், அதே சுவரில். அப்பாவின் சார்பில் ஜெனோவா அதைக் கேட்டு வாங்கினாள்.

வீட்டில் சிலுவை வெள்ளைச் சட்டையைக் கழற்றாமலே வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்.

"உண்மையான சத்தம் அந்த இரும்புல இன்னும் இருக்குமா ஏட்டி?"

"இருந்திருக்கும்பா. காட்சி போட்டுப் போட்டு அது மேலேயே எழுதிட்டாங்க. எது கனமா இருக்கோ அதத்தான் ஊசி எடுக்கும்."

"அப்ப எனக்கு இருந்த ஒரே சாட்சியவும் கொன்னுட்டானுவ."

அவள் மண்குவளையில் தண்ணீர் மொண்டு அவர் முன்னால் வைத்தாள்.

"மறுகேட்புல மட்டும் வேற என்ன வரப்போவுது? அதேதான் வரும். நீ எதுக்கு மெனக்கெடுத?"

"அதேதான் வரும்பா," என்றாள். "நாம எதப் போடுதோமோ, அதேதான் வரும்."

சிலுவை அவள் முகத்தைப் பார்த்தார். விளங்கவில்லை. ஆனால் அந்த முகத்தை அவருக்குத் தெரியும். வேலைக்குச் சேர்ந்த அன்று இருந்த அதே முகம்.

மறுநாள் காலை, ஒலிபெருக்கிகளின் தூசியைத் தட்டும் வேலையில் இருந்தபோது, காட்சியில் ஒரே ஒரு சொல்லை மாற்றினாள். அதற்குக் குரல்தறி போதும். பழைய குரலின் இழைகளை எடுத்து, அதே சீற்றத்தோடு, அதே மூச்சோடு எந்தச் சொல்லையும் நெய்து தரும் கருவி அது. நடிகரின் குரல் நடிகரின் குரலாகவே இருந்தது. ஸ்பேனர் ஸ்பேனராகவே விழுந்தது. ஓசையை மட்டும் கொஞ்சம் கூட்டிவைத்தாள்.

பிறகு காத்திருந்தாள். யாராவது கேட்டுவிடுவார்கள் என்று பயந்தாள். யாரும் கேட்கவில்லை. பள்ளிப் பிள்ளைகள் வந்தார்கள், வீறிட்டார்கள், போனார்கள். தங்கபாண்டியன் தினமும் அந்த ஓசைக்கு நடுவில்தான் தயிர்சோறு சாப்பிட்டார்.

ஒருநாள் அவர் கையை நிறுத்தி நிமிர்ந்தார். ஜெனோவா துடைக்கும் துணியைக் கீழே வைத்தாள்.

"ஏம்மா, காட்சில சத்தம் கூடுன மாதிரி இல்ல?"

"குறைக்கவா சார்?"

"வேண்டாம் வேண்டாம். இருக்கட்டும். நல்லா உறைக்குது."

மறுகேட்பு நாளில் எந்திர அறை நிரம்பி வழிந்தது. சான்று விழாவுக்கென்று பத்திரிகைக்காரர்களைத் தங்கபாண்டியனே அழைத்திருந்தார். பித்தளைத் தகடு சிவப்புத் துணிக்கு அடியில் தயாராக இருந்தது. வைகுண்டநாதன் கப்பலின் வட்டக் கதவுக்குள் குனிந்து நுழைந்து, நிமிர்ந்து, எல்லோருக்கும் வணக்கம் வைத்தார். கதவருகில் ஆயத்தின் காவலர் நின்றுகொண்டார்.

"இதுவே இறுதிக் கேட்பு," என்றார் தலைவர். "இரும்பு சொல்லும் பெயர் பதியப்படும். அதன்பின் முறையீடு கிடையாது. சம்மதமா?"

"சம்மதம். அத அப்படியே பதிஞ்சுக்கிடுங்க ஐயா," என்றாள் ஜெனோவா.

மரகதம் ஊசியை வைத்தாள். கரகரப்பு. ஓசை விழுந்தது, போன தடவையைவிடக் கனமாக. குரல் சீறியது.

"வைகுண்டநாதன்! ஸ்பேனரையா போட்ட?"

யாரோ சிரிக்கத் தொடங்கி, பாதியில் அடக்கிக்கொண்டார்கள். மரகதம் தன் கருவியைப் பார்த்தாள். ஊசியை எடுத்து, துடைத்து, ஒரு சாண் தள்ளி மறுபடி வைத்தாள்.

"வைகுண்டநாதன்! ஸ்பேனரையா போட்ட?"

"எந்த அடுக்கு?" என்றார் தலைவர். அவர் குரல் தாழ்ந்திருந்தது.

"பெயிண்டுக்குக் கீழே, ஐயா. போர்க்காலம்."

"போர் நடந்தபோது எனக்கு மூன்று வயது."

"மூணு வயசுல ஸ்பேனரத் தூக்குறது கஷ்டம்தான்," என்றார் சிலுவை முன்வரிசையிலிருந்து. "எனக்கே கனமாத்தான் இருந்துச்சு."

இந்த முறை சிரிப்பை யாரும் அடக்கவில்லை. தலைவர் ஜெனோவாவின் பக்கம் திரும்பினார்.

"நீ செய்த வேலை."

"ஆமாய்யா. காட்சில உங்க பேரப் போட்டேன். இந்தப் பருவம் முழுக்க அதுதான் ஓடுச்சு. நான் ஊசியத் தொடல, பெயிண்டச் சுரண்டல. காட்சிய மட்டும்தான் ஓட்டுனேன்."

"சாட்சியைக் கலைப்பது எவ்வளவு பெரிய குற்றம் என்று தெரியுமா? இப்போதே உன்னை உள்ளே வைக்க முடியும்."

"வைங்க." கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள். "ஆனா நான் கலைச்சேன்னு நீங்க எழுதணும்னா, காட்சிச் சத்தம் பெயிண்டுக்குக் கீழ இறங்கும்னு எழுதணும். அப்படி இறங்கும்னா, போன தடவை எங்க அப்பா பேரும் அப்படி இறங்குனதுதான். இறங்காதுன்னா நான் எதையும் கலைக்கல. இரும்பு உண்மையத்தான் சொல்லுது. ஸ்பேனரப் போட்டது நீங்கதான். எது வேணுமோ எழுதுங்க ஐயா. நான் ரெண்டுக்கும் கையெழுத்துப் போடுதேன்."

ஓசையடக்கத்தில் கிடந்த நாளில்கூட சுறவம் இவ்வளவு அமைதியாக இருந்திருக்காது. தங்கபாண்டியன் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். மரகதம் எழுத்துத்திரையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"ஐயா," என்றாள் தயக்கத்துடன். "பெயரை என்னவென்று பதிவது?"

வைகுண்டநாதன் சுவரைப் பார்த்தார். எத்தனையோ சுவர்களையும் கட்டில்களையும் கேட்டுத் தீர்ப்புச் சொன்னவர். ஒரு சுவரும் அவரைத் திருப்பிக் கேட்டதில்லை. தன் பெயரை ஒப்புக்கொண்டால் எஃகுச்செவி பிழைக்கும். ஒரு கணம் அவர் அதைக்கூட யோசித்தார் என்பது ஜெனோவாவுக்குத் தெரிந்தது. அவர் உதடு அசைந்து நின்றது.

"இது பொய்," என்றார் கடைசியில்.

"எதுய்யா பொய்?"

"இரும்பு சொன்னது."

"எங்க அப்பா பேரு?"

"அதுவும்."

மரகதம் பதிந்தாள். திரையில் எழுத்துகள் வரிசையாக விழுந்தன. இனி அழிக்க முடியாது. அதுவும் ஆயத்தின் விதிதான். சிவப்புத் துணிக்கு அடியிலிருந்த தகட்டைத் தங்கபாண்டியன் யாரும் சொல்லாமலே எடுத்து அக்குளில் இடுக்கிக்கொண்டார்.

"யப்பா," என்று ஜெனோவா குனிந்தாள். "போட்டது யாருன்னு இனிமே யாருக்கும் தெரியாது."

"கெடக்கட்டும்." சிலுவை மகளின் கையைப் பிடித்துக்கொண்டார். "உள்ள இருந்த அத்தன பேரு கையும் வேர்வைல வழுக்கிட்டுத்தான் இருந்துச்சு. போட்டவனும் செத்தானோ என்னவோ. நான் போடல. அது போதும்."

வைகுண்டநாதன் கோப்பைச் சேர்த்துக் கட்டினார். விசாரணை முடிந்தது என்று சொன்னார். பத்திரிகைக்காரர்கள் கேட்ட எதற்கும் பதில் சொல்லாமல் வட்டக் கதவை நோக்கி நடந்து, வெளியேறுவதற்காகக் குனிந்தார்.

கதவில் காவலர் நின்றார். விலகவில்லை. நரைத்த மீசைக்காரர். ஆயத்தின் சீருடையில் பல வருடமாக இப்படித்தான் கதவருகில் நின்றுகொண்டிருந்தார். வட்டக் கதவின் இரண்டு பக்கத்தையும் இரண்டு கையால் பிடித்திருந்தார்.

"வழிவிடுங்க," என்றார் வைகுண்டநாதன், குனிந்தபடியே.

"விடுதேன் ஐயா." காவலர் மரியாதையாகத்தான் சொன்னார். "என் மவன் பாளையங்கோட்டை ஜெயில்ல இருக்கான். அவன் பட்டறைல இருந்த லேத்து மெஷின் சொன்னதுன்னு நீங்கதான் எழுதுனீக. அவன் பட்டறைல காலைல இருந்து ராத்திரி வரைக்கும் ரேடியோ பாடும். நாடகமெல்லாம் ஓடும்."

அவருக்குப் பின்னால், கப்பலுக்கு வெளியே, நுழைவுச் சீட்டுக்கு நின்ற வரிசை கலைந்து கதவை நோக்கி வந்துகொண்டிருந்தது.

"அத மட்டும் சொல்லிட்டுப் போங்க ஐயா," என்றார் காவலர். "அந்த இரும்பு யார் பேசுனதச் சொல்லுச்சு?"