மழைத்துளி நின்ற இடம்

அன்று தி.நகரில் பெய்த மழையில் ஜவுளிக்கடை பொம்மைகளுக்கே ஜலதோஷம் பிடித்திருக்கும். டீக்கடைத் தகரத்தின் கீழ் ஒதுங்கிய அன்புச்செல்வியைப் பக்கத்தில் நின்றவன் இமைக்காமல் பார்த்தான்.

"இன்னா பாக்குறீங்க?"

"மழைத்தண்ணி... உங்க கன்னத்துல ஒரு எடத்துல நின்னு, யோசிச்சிட்டு எறங்குது."

அவன் டீ அவன் சட்டை மேலேயே கவிழ்ந்தது. அவள் முழங்கை பட்டதால்தான். தெரியாமல் பட்டதாம்.

சற்று நேரத்தில், அவள் செய்தி வாசிக்கும் சேனலின் கட்டுப்பாட்டு அறையில் அதே கறைச்சட்டை உட்கார்ந்திருந்தது. புது ஹெச்.டி. கேமராக்களைக் கவனிக்க வந்திருந்த இன்ஜினீயர் புகழேந்தி.

பழைய கேமரா பரம சாது; கன்னத்தில் கிணறே வெட்டினாலும் காட்டிக்கொடுக்காது. புதியதோ, போன வாரம் கடித்த கொசுவின் பல்வரிசையைக்கூடக் காட்டிவிடும். அவள் கன்னத்துத் தழும்பு முதன்முறையாக ஊரெல்லாம் தெரிந்தது. மேக்கப்பை அப்பினால், அப்பியதும் சேர்ந்து தெரிந்தது. தழும்பு போகாவிட்டால் இனி குரல் மட்டும்தான், முகம் வேண்டாம் என்றுவிட்டார் செய்தி ஆசிரியர் மதிவாணன்.

அந்த முகத்தைத் திரையில் இழக்கப் புகழேந்திக்கு மனம் வரவில்லை. தோலை மட்டும் மழுப்பிக் காட்டும் வசதி கேமராவிலேயே உண்டு. யாரிடமும் சொல்லாமல் திருகிவிட்டான். தழும்பு மறைந்தது. மேக்கப்தான் கைகொடுத்தது என்று நினைத்து அவள் சிரித்தாள்... அவனுக்கு டீகூட வாங்கித் தந்தாள்... அந்த வாரம் மாம்பலம் நடைபாலத்து நெரிசலே அவனுக்குப் பூம்படுக்கையாக இருந்தது.

பிறகு ஒரு மாலை, சிவந்த கண்களோடு வந்து, கன்னத்தைத் தொட்டுக் காட்டினாள்.

"இத தொடச்சது நீங்களா?"

பாராட்டை எதிர்பார்த்துத் தலையாட்டினான்.

அவள் சொல்லச் சொல்ல அவன் தலை தாழ்ந்தது. அவள் தம்பி தூண்டில் வீசிப் பழகியபோது முள் கிழித்த தழும்பு அது. கடலுக்குப் போன தம்பி திரும்பவில்லை, உடல்கூடக் கிடைக்கவில்லை. பட்டினப்பாக்கத்து வீட்டில் அம்மா தேவானை அதைத் தொடக் கை நீட்டினால், அம்மாவின் அழுகைக்குப் பயந்து இவள் முடியை இழுத்து மறைத்துக்கொள்வாள். புது கேமரா வந்த அன்றுதான் தேவானை அதை டிவியில் பெரிதாகப் பார்த்தாள். பிள்ளை கை பட்ட இடம் என்று திரையைத் தடவினாள். இப்போது அதே திரையைத் துணியால் துடைத்துத் துடைத்துத் தேடுகிறாள்.

"அவன இன்னொரு வாட்டி முழுகடிச்சிட்டீங்க."

அதன்பின் அவள் அவன் பக்கம் திரும்பவே இல்லை. ஒருநாள், செய்திக்குச் சற்று முன் வந்தாள்.

"இன்னிக்கு அந்த மழுப்பல எடுத்துடுங்க."

"உங்க வேல போயிடும்ங்க..."

"போவட்டும்."

திருகியதைப் பழையபடி திருப்பினான். திரையில் தழும்பு மெல்ல எழுந்து வந்தது. அவள் குரல் பிசகாமல் வாசித்தாள். இவன் கண்ணில்தான் எழுத்தெல்லாம் கரைந்தது. முடிந்ததும் மதிவாணன் அழைத்தார். மறுநாளிலிருந்து குரல் மட்டும்.

வெளியே மழை. அதே தகரம்.

"நாளைலேர்ந்து இத யாரு பாக்கப் போறாங்க?" என்றாள், சிரிக்கப் பார்த்து, முடியாமல்.

"எனக்கு மொதல்ல புடிச்சதே அதான்... அதையே போய் அழிச்சேன் பாருங்க." குனிந்திருந்தவன் நிமிர்ந்தான். "நான் பாக்கறேன். ஆயுசுக்கும்."

அவள், வீட்டில் அம்மாவுக்கு முன்னால் இன்று செய்யப்போவதை இங்கேயே பழகிக்கொள்கிறவள்போல, ஈர முடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கினாள்...

ஒரு துளி இறங்கி வந்து, அந்த இடத்தில் நின்றது.