யாரும் வராத கட்டில்

"நெஞ்சைத் திறக்கவே இல்லை, அதுக்குள்ள ஆள் போகப் பார்த்தாரு!" என்று கத்திக்கொண்டே ருவ்ஹியின் அறைக்குள் நுழைந்தார் அறுவை மருத்துவர் ஷவ்கத். அலெக்சாந்திரியாவின் அந்த மருத்துவமனையில் மருந்தால் விபரீதம் நடந்தால் காரணம் தேடுவது டாக்டர் ருவ்ஹியின் வேலை. துணைக்கு நெர்மின், பொறுமை என்றால் என்னவென்றே தெரியாத மருந்தாளுநர்.

நோயாளி டிராம் ஓட்டுநர் ஃபிக்ரி. இதய வால்வில் கிருமி. இதய-நுரையீரல் இயந்திரத்தில் இணைத்தால் ரத்தம் நிற்காது என்று பயந்து, கசிவைக் குறைக்கும் அப்ரோட்டினினைச் சோதனைக்காகக் கொஞ்சம் செலுத்தியிருந்தார்கள். ரத்த அழுத்தம் சரிந்துவிட்டது. ஆயுசு கெட்டி, பிழைத்தார்.

"சற்று முன்னாடி ஆன்டிபயாட்டிக்கும் போட்டோம். எது குற்றவாளி? அப்ரோட்டினின் முதல் தடவையிலேயே இப்படிப் பண்றது ரொம்ப அபூர்வம். வால்வு இந்த வாரம் தாங்காது. தப்பான மருந்தைத் திரும்பக் கொடுத்தா ஆள் காலி!" என்றார் ஷவ்கத்.

பார்வை நேரத்தில் ருவ்ஹியும் நெர்மினும் வார்டுக்குப் போனார்கள். மற்றக் கட்டில்களைச் சுற்றி ஆரஞ்சுப் பைகளும் குழந்தைகளும் ஒரே இரைச்சல். ஃபிக்ரி மட்டும் சுவரைப் பார்த்துத் திரும்பி, வயிற்றைச் சொறிந்துகொண்டிருந்தார். பார்க்கவே பாவமாக இருந்தது.

"சொந்தக்காரங்க யாரு, உஸ்தா?" என்று ஓட்டுநர்களை மரியாதையாக அழைக்கும் சொல்லால் கேட்டார் ருவ்ஹி.

"யாருமில்லை."

"வயித்துல என்ன தழும்பு?"

"பட்டாளத்துல குடல்புண் வெடிச்சுது. இருபத்தஞ்சு வருஷமாச்சு."

ருவ்ஹி அவர் சட்டையை விலக்கிப் பார்த்துவிட்டு நெர்மினோடு வெளியே வந்தார்.

"ஆன்டிபயாட்டிக்தான் டாக்டர், அடிச்சுச் சொல்றேன்!" என்றாள் நெர்மின்.

"அவசரக்குடுக்கை! தழும்பு எப்படி இருந்துச்சு?"

"வலது விலாவுக்குக் கீழே பெரிசா வளைஞ்சு, சிவப்பா..." அவள் வாயைப் பிளந்தாள்.

"பழைய தழும்பு வெளுத்திருக்கும். இது ஒரு வருஷம்கூட ஆகாதது, இன்னும் அரிக்குது. ஈரலை வெட்டிக் கொடுக்கிறவங்களுக்கு இங்க இப்படித்தான் கீறுவாங்க. வெட்டின இடத்துல பூசுற பசையிலயும் அப்ரோட்டினின் இருக்கும். உடம்பு அப்பவே அதைப் பகைச்சுக்கிட்டுது. இது ரெண்டாவது தடவை."

"நம்ம சட்டப்படி சொந்தத்துக்குத்தானே ஈரல் கொடுப்பாங்க? யாருமில்லைன்னாரே!"

"அது பொய்யா இருக்கணும். உண்மையா இருந்தா இன்னும் மோசம், ஈரலை வித்திருக்காருன்னு அர்த்தம்."

திரும்பிப் போனார்கள். "ஈரலை யாருக்குக் கொடுத்தீங்க, உஸ்தா?"

ஃபிக்ரி சட்டையை இழுத்துத் தழும்பை மூடினார். "மகன் மாஜிதுக்கு. கெய்ரோவில். ஒரு வாரம்கூட அவன் உயிரோட இருக்கலை."

"ஏன் மறைச்சீங்க? உயிரே போயிருக்குமே!" நெர்மினுக்கு ஆற்றமாட்டாமல் அழுகை வந்தது.

"டிப்போவுல எல்லாரும் அவன் இத்தாலியில வேலை பார்க்கிறான்னு நெனைக்கிறாங்கம்மா. தழும்பைப் பத்திச் சொன்னா, அவன் செத்ததையும் சொல்லணுமே."

கெய்ரோ மருத்துவமனையில் கேட்டதில் அந்தப் பசையைப் பூசியது உறுதியானது. "அப்ரோட்டினினைத் தொடாதீங்க," என்றார் ருவ்ஹி. "ரத்தம் நிக்க டிரானெக்ஸாமிக் அமிலம் போதும். அளவு மீறினா வலிப்பு வரும், ஜாக்கிரதை. ஆன்டிபயாட்டிக்கையும் எதுக்கும் மாத்திடுங்க."

அறுவைச் சிகிச்சை நல்லபடி முடிந்தது. ஃபிக்ரி இங்கே இருப்பதை நெர்மின் டிப்போவுக்குச் சொல்லியனுப்பியிருந்தாள். பார்வை நேரத்தில் கண்டக்டர் ஒருவர் ஆரஞ்சுப் பையோடு வந்து கட்டிலருகே உட்கார்ந்தார்.

"எங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லக்கூடாதாய்யா? மாஜித் எப்படியிருக்கான்?"

நெர்மின் ஃபிக்ரியைப் பார்த்தாள். ஃபிக்ரியின் கை போர்வைக்கடியில் வயிற்றுக்குப் போயிற்று.

"சௌக்கியம்," என்றார்.

நெர்மின் அவருக்காக ஓர் ஆரஞ்சை எடுத்து உரிக்கத் தொடங்கினாள்.