தம்பிக்குப் போக வேண்டிய சேனை

தம்பி அம்மாவின் மடிக்குத் திரும்பி வந்து ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை.

பிறந்ததுமே அவனுக்குக் கிருமித்தொற்று. கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து, சுண்டுவிரல் பருமன்கூட இல்லாத கையில் ஊசி குத்தி மருந்து ஏற்றினார்கள். இசைவாணி தினமும் பள்ளி விட்டதும் புதுக்கோட்டை ஆஸ்பத்திரிக்கு ஓடி வருவாள். மூடிய கதவுக்கு வெளியே நின்று கண்ணை மூடிச் சாமி கும்பிடுவாள்.

இன்றுதான் கதவு திறந்தது.

"தாய்ப்பால் மட்டுந்தான் கொடுக்கணும். தொடுறவங்க யாரா இருந்தாலும் சோப்புப் போட்டுக் கை கழுவணும். இன்னொரு தடவை தொற்று வந்தா பிள்ளை தாங்காது" என்று சொல்லிவிட்டு நர்ஸ் அடைக்கலமேரி அடுத்த வார்டுக்குப் போனார்.

அப்போது வராண்டாவில் ஒரு சிரிப்பு கேட்டது. கலகலவென்று தகரத்தில் புளியங்கொட்டையைக் கொட்டியது போன்ற சிரிப்பு.

வல்லத்திராக்கோட்டை அமிர்தவல்லி அத்தை! அப்பாவின் அக்கா. எப்போதும் அத்தைக்கு முன்னால் அவர் சிரிப்புதான் வந்து சேரும்.

"எங்க என் மருமகன்? பஸ்ஸுல நிக்கக்கூட எடமில்ல. கம்பியப் புடிச்சுத் தொங்கிக்கிட்டே வந்தேன்" என்றபடி அத்தை பையிலிருந்து ஒரு குட்டி பாட்டிலை எடுத்தார். உள்ளே சீனித் தண்ணீர்.

"பச்சத்தண்ணிகூடக் குடிக்காம கோயிலுக்குப் போயிட்டு நேரா வாரேன். சேனை வெச்சுட்டுத்தான் எனக்குச் சாப்பாடு."

இசைவாணிக்குத் திக்கென்றது.

நல்ல குணமுள்ளவர் சீனித் தண்ணீரை விரலால் தொட்டுக் குழந்தையின் நாக்கில் வைத்தால், அந்தக் குணம் குழந்தைக்கும் வரும் என்பார்கள். அதற்குத்தான் சேனை என்று பெயர். அத்தைக்குக் கோபமே வராது. அதனால் சொந்தத்தில் யார் வீட்டில் குழந்தை பிறந்தாலும் அத்தையைத்தான் கூப்பிடுவார்கள்.

"அண்ணி..." என்று அம்மா இழுத்தார். பட்டினியாக வந்தவரிடம் வேண்டாம் என்று எப்படிச் சொல்வது?

அத்தையின் விரல் பாட்டிலுக்குள் போனது. பஸ் கம்பியைப் பிடித்த அதே விரல்.

"அத்தை, ஒரு நிமிசம்! சேனை எதுக்கு வைக்கிறீங்க?" என்று இசைவாணி குறுக்கிட்டாள்.

"இது என்னடி கேள்வி? என் கொணம் பிள்ளைக்கு வரணும்னுதான்."

"ஆனா, இப்ப இவன் வாயில எதுவும் வைக்கக் கூடாதாம். வெச்சா கிருமி போயிருமாம். மறுபடியும் கண்ணாடிப் பெட்டிதான்."

அத்தையின் முகம் சுருங்கிப் போனது. "அப்ப நான் வந்தது வீணா?"

"வீணாப் போகுமா? எனக்கு வைங்க அத்தை. உங்க கொணம் எனக்கு வரட்டும். நான்தானே இவன் கூடவே இருக்கப் போறேன்? என்னையப் பாத்து இவன் கத்துக்குவான்."

"ஒனக்குத்தான் பொறந்தன்னைக்கே வெச்சேனே!"

"அது பழசாயிருச்சு. நேத்துகூட எங்க கிளாஸ் சிவபிரகாஷ் என் பென்சில எடுத்தான்னு அவனக் கிள்ளிட்டேன்."

அத்தைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இசைவாணி அவர் கையைப் பிடித்துக் குழாயடிக்கு அழைத்துப் போனாள். அத்தை முழங்கை வரை சோப்புப் போட்டார்.

"கோயில் வாசல்ல கால் கழுவுறோம். இந்தச் சாமியப் பாக்க கை கழுவணும், அம்புட்டுத்தானே?" என்றார்.

பிறகு கண்ணை மூடி வேண்டிக்கொண்டு, இசைவாணி நீட்டிய நாக்கில் சேனை வைத்தார்.

அந்த நேரம் பார்த்து நர்ஸ் அடைக்கலமேரி உள்ளே வந்தார். "இங்க யாருக்கு வைத்தியம் நடக்குது?"

"பிள்ளையோட அக்காவுக்கு!" என்றார் அம்மா. இத்தனை நாளுக்குப் பிறகு அம்மா சிரித்ததை இசைவாணி பார்த்தாள்.

தம்பிக்குக் காய்ச்சல் வரவில்லை. அடுத்த வாரம் அவன் வீட்டுக்கு வந்துவிட்டான்.

வந்த அன்றைக்கே, குனிந்து முகம் பார்த்த இசைவாணியின் முடியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான். பிடித்ததை விடவே இல்லை. வலியில் கத்தப் போனவள், அவன் குட்டி விரல்களைப் பார்த்ததும் கலகலவென்று சிரித்துவிட்டாள்.

அடுப்படியிலிருந்து அம்மாவின் குரல் வந்தது.

"வாங்க அண்ணி! எப்ப வந்தீங்க?"