மூன்று மணிப் பாவசங்கீர்த்தனம்

பஸ் அவனை இறக்கிவிட்டுப் போன பிறகு அந்தச் சாலையில் ஈ காக்கை இல்லை. துணிப்பெட்டி, புத்தக மூட்டை, இஸ்திரி போட்டு மடித்த வெள்ளை அங்கி எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு கோயில் வளாகத்துக்குள் நுழைந்தான். அந்தக் கோயிலின் பாதிரியாரான பங்குத்தந்தை தோட்டத்துக் குழாயோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்து, "பிரதரா? மைக் செட் ரிப்பேர் பண்ணத் தெரியுமா?" என்று கேட்டார். வரவேற்பு அவ்வளவுதான்.

பாதிரியாராவதற்காகக் குருமடத்தில் படிப்பவர்களை எல்லோரும் பிரதர் என்றுதான் கூப்பிடுவார்கள். இவனைப் பதினோரு வருஷமாகக் கூப்பிடுகிறார்கள். கூடச் சேர்ந்தவர்களெல்லாம் குருப்பட்டம் வாங்கி ஆளுக்கொரு கோயிலில் பூசை வைக்கிறார்கள். இவன் பட்டம் மட்டும் இரண்டு முறை தள்ளிப்போய்விட்டது. முதல் தடவை மஞ்சள் காமாலை. இரண்டாம் தடவை இவன் வாய்.

கடைசி வருஷத்தில் ஒரு தேர்வு உண்டு. பேராசிரியர் ஒருவர் பாவசங்கீர்த்தனம் செய்ய, அதாவது தன் பாவங்களைக் குருவிடம் சொல்லி மன்னிப்புப் பெற, வந்தவராக நடிப்பார். மாணவன் குருவாக உட்கார்ந்து கேட்டு, ஆறுதல் சொல்லி, பாவமன்னிப்பு வாசகத்தைச் சொல்லி முடிக்க வேண்டும். எல்லாம் ஒத்திகைதான். இவனுக்கு வாய்த்த பேராசிரியர், வயதான அம்மாள் மாதிரி குரலை மாற்றிக்கொண்டு ஒரே பாவத்தை நான்கு தடவை சொன்னார். நான்காம் தடவை இவன், "அதான் சொல்லியாச்சே, அடுத்தது என்ன?" என்று கேட்டுவிட்டான். பொறுமை போதாது, இன்னும் ஒரு வருஷம் ஏதாவது ஊர்க் கோயில் பங்கில் இருந்துவிட்டு வரட்டும் என்று எழுதிவிட்டார்கள். பதினோரு வருஷம் பொறுத்தவனுக்குப் பொறுமை போதாதாம். அதை நினைக்கும்போதெல்லாம் அவனுக்கு வயிறு எரிந்தது.

அவனுக்காக எரிந்ததைவிட அம்மாவுக்காக எரிந்தது அதிகம். அம்மாவுக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன. வாரத்துக்கு இரண்டு நாள் கையில் தடித்த ஊசியைச் செருகி ரத்தத்தைச் சுத்தம் செய்கிறார்கள். முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை தழும்பும் புடைப்புமாக இருக்கும். போனில் ஒவ்வொரு முறையும் ஒன்றையே சொல்வாள். "உன் கையால பாவமன்னிப்பு வாங்கிட்டுத்தான்டா கண்ண மூடுவேன். அதுவரைக்கும் இந்த உடம்பு எப்படியாச்சும் ஓடும்."

அந்தப் பங்கில் அவனுக்குக் கிடைத்த அனுபவமெல்லாம் நாற்காலி அடுக்குவதும் அறிவிப்பு டைப் செய்வதும்தான். இரண்டாம் வாரம் பழைய பாவசங்கீர்த்தனத் தொட்டியை ஒழித்துவைக்கச் சொன்னார் பங்குத்தந்தை. தொட்டி என்று பெயரே தவிர, அது ஆளுயர மர அலமாரி மாதிரி இருந்தது. நடுவில் குருவானவர் உட்கார ஒரு அறை. இரண்டு பக்கமும் மக்கள் முழந்தாளிட ஆளுக்கொரு பொந்து. இடையில் சல்லடையாகத் துளை போட்ட பலகை, அதை மூட ஒரு தள்ளுபலகை. இப்போதெல்லாம் பாவசங்கீர்த்தனம் கண்ணாடி அறையில்தான் நடக்கிறது. சனிக்கிழமை தச்சர் வந்து இதைப் பிரிக்கப்போகிறார்.

காலையில் நடு அறையை ஒழித்து, அங்கே கிடந்த உடைந்த நாற்காலிகளை இடது பொந்துக்குள் கூரை முட்ட அடைத்தான். சாப்பாட்டுக்குப் பிறகு மறுபடி வந்தபோது கோயிலில் யாருமில்லை. பங்குத்தந்தை தூங்கிக்கொண்டிருந்தார். வெயில் வெளியே காய்ந்தது. உள்ளே பழைய மரமும் உருகிய மெழுகும் ஈரத்துணியும் கலந்த ஒரு வாடை. கால் கடுக்கிறதே என்று குருவானவரின் இருக்கையில் உட்கார்ந்தான். கதவு தானாகச் சாத்திக்கொண்டது.

கோபுரத்து மணிக்கூண்டில் மூன்று அடித்தது.

உட்கார்ந்ததும் கைக்கு அரிப்பெடுத்தது. தள்ளுபலகையை இழுத்துத் திறந்துவிட்டு, பாவமன்னிப்பு வாசகத்தை ஒரு தடவை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தான். குரல் நன்றாகத்தான் இருந்தது. பேராசிரியரை மனசுக்குள் இரண்டு வார்த்தை திட்டினான்.

"சாமி, பாவியான என்னை ஆசீர்வதியும்."

இடது பக்கத் துளைகள் வழியாக ஒரு பெண் குரல். கிசுகிசுப்புதான், ஆனால் காதுக்குப் பக்கத்தில் கேட்டது.

நான் சாமி இல்லம்மா, இருங்க, ஃபாதரக் கூப்பிடுறேன் என்ற வாக்கியம் நாக்கு நுனி வரை வந்தது. அது அங்கேயே நின்றுவிட்டதற்குக் காரணம் ஒன்றுதான். பதினோரு வருஷத்தில் முதல்முறையாக ஒருவர் அவனைச் சாமி என்று கூப்பிட்டிருக்கிறார். அது அவனுக்கு இனித்தது.

"மழை கொட்டுச்சு, சாமி. தங்கச்சி வந்து கதவத் தட்டினா. சண்டைக்காரி தட்டட்டும்னு முழிச்சுக்கிட்டே படுத்திருந்தேன். திறக்கல. விடிஞ்சு பாத்தா வாசப்படியில விறைச்சுக் கிடந்தா."

அவன் ஆறுதலாக ஏதோ சொன்னான். அவள் மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தாள். மழை, தங்கச்சி, கதவு. மூன்றாம் தடவையும் அதே வார்த்தைகள், அதே இடத்தில் அதே மூச்சு. நான்காம் தடவை அவள் மழை என்றதுமே அவனுக்குச் சுர்ரென்று வந்தது. போனால் போதும் என்றிருந்தது. கையை உயர்த்தி, வாசகத்தை முழுசாகச் சொல்லி, "நான் உன்னை விடுவிக்கிறேன்" என்று முடித்துச் சிலுவை அடையாளமும் போட்டான்.

"ஆகட்டும், சாமி."

காலடிச் சத்தம் கேட்கவில்லை.

செய்த காரியம் அப்போதுதான் உறைத்தது. ஒத்திகை வேறு. உண்மையாக ஒருவர் வந்து முழந்தாளிடும்போது, பட்டம் இல்லாதவன் மன்னிப்புக் கொடுப்பது வேறு. அப்படிச் செய்தவன் பட்டத்தை மறந்துவிட வேண்டியதுதான், எங்கோ மேலிடத்திலிருந்து அனுமதி வந்தாலொழிய, என்று வகுப்பில் சொன்னது நினைவுக்கு வந்தது. அந்த அம்மாளின் காலில் விழுந்தாவது உண்மையைச் சொல்லிவிடலாம் என்று கதவைத் தள்ளிக்கொண்டு இடது பக்கம் ஓடினான்.

அங்கே நாற்காலிகள் இருந்தன.

காலையில் அவனே கூரை முட்ட அடைத்த நாற்காலிகள். ஒன்றுகூட அசையவில்லை. ஒரு கை நுழைய இடமில்லை.

ஒவ்வொன்றாக வெளியே எடுத்துப் போட்டான். கடைசி நாற்காலியை எடுத்ததும் அடியில் முழந்தாளிடும் பலகை தெரிந்தது. விரற்கடைத் தூசி படிந்திருந்தது. தூசியில் வட்டமாக இரண்டு முழங்கால் தடங்கள், அப்போதுதான் பதிந்தவை.

மறுநாள் அந்தப் பக்கமே அவன் போகவில்லை. தன் அறையில் கதவைத் தாழிட்டுக்கொண்டு மேசை முன்னால் உட்கார்ந்திருந்தான். மணிக்கூண்டில் மூன்று அடித்தது. ஜன்னலில் கொசுவலை அடித்திருந்தது. அதன் துளைகள் வழியாக ஈரத்துணி வாடை வந்தது.

"சாமி."

அவன் திரும்பவில்லை.

"நீங்க சொன்னதும் போனேன், சாமி. மோட்ச வாசல்ல போய்த் தட்டினேன்."

மேசையில் இருந்த பேனா உருண்டு கீழே விழுந்தது.

"கதவு திறக்கல."

சாயங்காலம் உபதேசியாரிடம் பட்டும்படாமல் விசாரித்தான். அவர் முப்பது வருஷமாகக் கோயில் கதவைத் திறந்து பூட்டுகிறவர். முதலில் மழுப்பினார். பிறகு, முந்தைய பங்குத்தந்தை ஒருவர் காலத்தில் ஒரு பெண்மணி தினமும் மூன்று மணிக்கு வந்து ஒரே பாவத்தைச் சொல்வாளாம், அவரும் எத்தனை நாள்தான் கேட்பார், ஒருநாள் மன்னிப்புக் கொடுக்காமலே தள்ளுபலகையை அவள் முகத்துக்கு நேரே இழுத்துச் சாத்திவிட்டாராம் என்றார். கோயிலைப் பூட்டப் போன உபதேசியார், அவள் இன்னும் முழந்தாளில் இருப்பதைப் பார்த்து, நேரமாச்சும்மா என்று தோளைத் தொட்டிருக்கிறார். நெற்றி பலகையில் ஒட்டியபடி உயிர் போயிருந்தது. அதற்குப் பிறகு அந்தத் தொட்டியில் யாரும் உட்காரவில்லை. அப்படிச் சொல்லிவிட்டு, "உக்காந்தீங்களா, பிரதர்?" என்று கேட்டார். இல்லை என்றான்.

அதன் பிறகு தினமும் வந்தாள். மூன்று மணிக்குத் துளையுள்ள எதன் பக்கத்தில் இருந்தாலும் குரல் வந்தது. மைக்கைப் பழுதுபார்த்தால் அதன் வலைக்குள்ளிருந்து வந்தது. ஐந்தாம் நாள் அவனுக்குப் பயத்தைவிட ஆத்திரம் மிஞ்சியது. நேரே தொட்டியில் போய் உட்கார்ந்தான்.

"அம்மா, நான் இன்னும் சாமி ஆகல. அன்னிக்குச் சொன்னது செல்லாது. ஒரு வருஷம் பொறுத்துக்கோங்க. பட்டம் வாங்கிட்டு வந்து நானே சொல்றேன்."

துளைகளுக்குப் பக்கத்தில் காதைக் கொண்டுபோனான்.

"அப்போ அன்னிக்குச் சொன்னது யாரு, சாமி?"

அவன் எழுந்து வெளியே வந்தான். பட்டம் வாங்கித் திரும்பி வரும்வரை தொட்டி இருக்க வேண்டுமே என்று, தச்சரை வரவேண்டாம் என்று சொல்லும்படி பங்குத்தந்தையிடம் கெஞ்சினான். பழைய மரச்சாமான், அழகாக இருக்கிறது என்று ஏதோ உளறினான். அவர் இவனை ஒரு மாதிரியாகப் பார்த்தாலும் சரி என்றார். அன்றிலிருந்து அவள் வரவில்லை.

வருஷம் முடிந்து குருமடத்துக்குத் திரும்பினான். இந்த முறை பட்டம் உறுதி என்றார்கள். அதற்கு முன்னால் ஒரு சடங்கு உண்டு. நற்செய்திப் புத்தகத்தில் கைவைத்து, பட்டம் பெற எனக்கு எந்தத் தடையும் இல்லை என்று சத்தியம் செய்து, சொந்தக் கையெழுத்தில் எழுதிக் கொடுக்க வேண்டும். குருமடத்து அதிபர் தாளை நீட்டினார். இவன் தயங்குவதைப் பார்த்து, "வேற ஏதாவது சொல்லணுமா?" என்று கேட்டார்.

சொல்லியிருக்கலாம். சொன்னால் மேலிடத்துக்குக் கடிதம் போகும், பதில் வர எத்தனை வருஷமோ. அம்மாவுக்கு அத்தனை மாதம்கூட இல்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். திறக்காத அந்த வாசலில் தொட்டிக்கு வந்த அந்தப் பெண்மணி வேறு காத்து நிற்கிறாள். மறைத்தால் இரண்டு பேரும் கரையேறிவிடுவார்கள், இத்தனை வருஷம் காத்திருந்தது வீணாகாது என்று கணக்குப் போட்டான்.

"இல்ல, ஃபாதர்."

எழுதினான். கைவைத்தான். முதலில் திருத்தொண்டர் பட்டம், சில மாதத்தில் குருப்பட்டம். பட்டம் கொடுக்கும் ஆயர் தலைமேல் கைவைத்தபோது உடம்பு சிலிர்க்கும் என்று கூட்டாளிகள் சொல்லியிருந்தார்கள். அவனுக்கு ஒன்றும் சிலிர்க்கவில்லை. களைப்பாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டான்.

அன்று சாயங்காலமே அம்மாவின் கட்டிலருகே உட்கார்ந்தான். அம்மா சின்னச் சின்னப் பாவங்களை எண்ணி எண்ணிச் சொன்னாள். சொன்னதையே திரும்பவும் சொன்னாள். அவன் ஒரு தடவைகூட அவசரப்படுத்தவில்லை. வாசகத்தைச் சொல்லி முடித்ததும் தழும்பேறிய கையால் அவன் கன்னத்தைத் தடவி, "இது போதும்டா, தம்பி" என்றாள். நான்காம் நாள் போய்ச் சேர்ந்தாள்.

அடக்கம் முடிந்த மறுநாள் அவன் பழைய பங்குக்குப் பஸ் ஏறினான். உபதேசியாரிடம் சாவி வாங்கி, ஊதாத் தோள்துகிலைக் கழுத்தில் போட்டுக்கொண்டு தொட்டிக்குள் உட்கார்ந்தான். மூன்று அடித்தது. அவள் வந்தாள். மழை, தங்கச்சி, கதவு. ஏழு தடவை சொன்னாள். ஏழு தடவையும் புதுசாகக் கேட்பதுபோல் கேட்டான். பிறகு வாசகத்தைச் சொன்னான். "நான் உன்னை விடுவிக்கிறேன்" என்று முடித்துச் சிலுவை அடையாளம் போட்டான்.

"ஆகட்டும், சாமி."

ஈர வாடை போய்விட்டது. அவன் வாய்விட்டு அழுதான். இத்தனை வருஷமும் இதற்காகத்தான் என்று தோன்றியது.

அன்று அங்கேயே தங்கினான். மறுநாள் மனசு நிச்சயப்படட்டும் என்று மூன்று மணிக்கு மறுபடி போய் உட்கார்ந்தான். மணி அடித்தது. சத்தமில்லை. ஐந்து நிமிஷம் ஆயிற்று. தன்னைப் பார்த்தே சிரித்துக்கொண்டு எழுந்தான்.

ஈரத்துணி வாடை அடித்தது.

"கதவு திறக்கல, சாமி."

அவன் இருக்கையில் சரிந்தான். "இப்ப நான் நிஜமாவே சாமிம்மா. நேத்து சொன்னது செல்லும். செல்லணும்."

"எனக்கென்ன தெரியும், சாமி?" குரலில் கோபம் இல்லை. "ஆனா இப்ப நான் தனியா இல்ல. பக்கத்துல இன்னொரு அம்மா வந்து நிக்கிறாங்க. கையெல்லாம் ஊசித் தழும்பு."

நற்செய்திப் புத்தகத்தில் வைத்த கையை அவன் மடியிலிருந்து எடுத்துப் பார்த்தான்.

"என் பையன் கையால மன்னிப்பு வாங்கிட்டேன், திறந்துடுவாங்கன்னு சொல்லிச் சொல்லித் தட்டுறாங்க. பாக்கவே பாவமா இருக்கு."

அவன் கதவைத் தள்ளிக்கொண்டு இடது பக்கம் போனான். நாற்காலிகள் எப்போதோ குப்பைக்குப் போயிருந்தன. பொந்து காலியாக இருந்தது. முழந்தாளிடும் பலகையில் அதே தூசி. தூசியில் வட்டமாக இரண்டு தடங்கள்.

அதற்குப் பக்கத்தில், புதிதாக இன்னும் இரண்டு.