கொசுக்களுக்கு இரத்தம் கொடுப்பவன்

ஃபெர்மின் இறந்து சரியாக இருநூற்றுப் பதினாறு மணி நேரம் கழித்து, அவனுடைய அக்கா எவெலியா, சியென்ஃபுவேகோஸ் என்ற துறைமுகத்தில் படகிறங்கி வந்து, அவன் உதவியாளாக வேலை செய்த ஆய்வுக்கூடத்தின் கதவைத் தட்டினாள்.

உச்சிவெயில். தெருவில் ஆளில்லை. கதவைத் திறந்த டாக்டர் பாஸ்குவாலை ஒன்பது நாளில் தேடி வந்த முதல் ஆள் அவள்தான். உள்ளே மேசைமேல் இரண்டு காப்பிக் கோப்பைகள் இருந்தன. பழக்கதோஷத்தில் இன்னும் ஃபெர்மினுக்கும் சேர்த்து இரண்டு ஊற்றிவிடுகிறார்.

"மஞ்சள் காய்ச்சல் கொசுவைத் தானே கையில விட்டுக்கிட்டானாம், டாக்டரய்யா. தற்கொலைன்னு சொல்லிப் பாதிரியார் கல்லறைச் சுவருக்கு வெளியே புதைச்சிட்டார்."

"ஆராய்ச்சியில அதெல்லாம் நடக்கிறதுதாம்மா."

"அடுத்த மாசம் அவனுக்குக் கல்யாணம். சட்டை தைக்கக் கொடுத்திருக்கான். காலர் பெரிசா வேணுமாம், சீமானுக்கு! சாகப் போறவனா காலரைப் பத்திக் கவலைப்படுவான்? தெரியாம நடந்துச்சுன்னு நீங்க எழுதிக் கொடுத்தா உள்ளே மாத்திடுவாங்க."

டாக்டர் கோப்பைகளை ஓரமாக நகர்த்தினார். தம்பி வேலை செய்த அறையைக் காட்டச் சொன்னாள். கழுத்தில் கட்டியிருந்த சாவியால் திறந்தார்.

ஈரப் பஞ்சின் வாடை. அதனடியில் இன்னொன்று. ஆஸ்பத்திரியில் ஃபெர்மின் கடைசியாகக் கறுப்பாக வாந்தியெடுத்தபோது வந்த வாடை.

வாயில் மெல்லிய துணி கட்டிய கண்ணாடிக் குழாய்கள் வரிசையாக நின்றன. ஒவ்வொன்றிலும் ஒரு கொசு. நோயாளியைக் கடிக்காத கொசுக்களுக்குத் தன் கையைக் கொடுத்து வளர்த்தவன் ஃபெர்மின். குடித்த இரத்தம் மூன்று நாளில் செரித்துவிடும்.

எல்லாக் கொசுக்களின் வயிறும் சிவந்து உப்பியிருந்தது.

"இப்ப நீங்கதான் கொடுக்கிறீங்களா?"

அவர் சட்டைக் கையைச் சுருட்டிக் காட்டினார். ஒரு தடிப்புகூட இல்லை.

"அப்புறம் யாரு?"

நாற்காலி கிரீச்சிட்டது. யாரோ உட்கார்ந்ததுபோல.

ஒரு குழாய் மெல்ல எழுந்து வாய் கீழாகக் கவிழ்ந்தது. மேசைக்கு நான்கு விரல் மேலே அந்தரத்தில் நின்றது.

கீழே கை இல்லை.

கொசு துணி வழியாக ஊசியை இறக்கியது. வயிறு சிவந்துகொண்டே வந்தது.

"ஃபெர்மின்?" என்றாள் அவள், மூச்சுக்குள்.

குழாய் அசையவில்லை.

"அவனா விட்டுக்கலைம்மா," என்றார் டாக்டர். "கடிபட யாரும் முன்வரலை. எனக்கு ஆராய்ச்சி முடிவு வேண்டியிருந்தது. அவனைக் கடிக்கிறதுக்குப் பதிமூணு நாள் முன்னாடி நோயாளியைக் கடிச்ச கொசு அது. புதுசு, ஒண்ணும் பண்ணாதுன்னு சொல்லி அவன் கையில வெச்சது நான்தான்."