இடங்காப்பான்

செவ்வாய்க் கோளின் தென்மாநிலத்தில் ஞாயிற்றுக்கிழமை என்றால் ஜனங்கள் ஏரிப் பூங்காவின் வாசல்வரை போவார்கள். அங்கே தொங்கும் ‘இடமில்லை’ பலகையைப் பார்ப்பார்கள். வாசலிலேயே கட்டுச்சோற்றைப் பிரித்துச் சாப்பிட்டுவிட்டு, அடுத்த ரயிலில் வீடு திரும்புவார்கள். பிள்ளைகளும் சுற்றுலா என்றால் இதுதான் என்று நினைத்தே வளர்ந்தன.

பொன்ராசுவால் அன்றைக்கு அப்படித் திரும்ப முடியவில்லை. மறுநாள் அவன் குறுங்கோள் சுரங்கத்துக்குக் கப்பல் ஏற வேண்டும். ஒப்பந்தம் ஒன்பது வருஷம். அவன் திரும்பும்போது ஆறு வயது ரூபி குமரியாகியிருப்பாள். போவதற்குள் அவளை ஏரியில் கால் நனைக்க வைப்பதாக வாக்குக் கொடுத்திருந்தான். அந்தக் கோளில் திறந்த தண்ணீர் அது ஒன்றுதான். பனிப்பாறையை உருக்கி, மேலே கண்ணாடிக் கூரை போட்டு, உள்ளே காற்றை நிரப்பி உண்டாக்கிய ஏரி.

வாசல் காவலுக்கு நின்ற பெண்ணிடம் பயண ஆணையை நீட்டினான். அவள் படித்துவிட்டு, அவன் மனைவி எஸ்தரையும் குழந்தையையும் பார்த்தாள்.

“உள்ள விடுறேன் அண்ணே. ஆனா சங்கு ஊதுனதும் வெளிய வந்துரணும். உக்கார இடம் கிடைக்காது.”

அவள் சொன்னது சரிதான். தண்ணீரின் விளிம்பு நெடுக, கால் வைக்க இடைவெளி இல்லாமல் துண்டுகள் விரிந்து கிடந்தன. ஒவ்வொரு துண்டிலும் ஓர் இடங்காப்பான் மல்லாந்து கிடந்தது. சொந்தக்காரர் வரும்வரை இடம் பிடித்து வைப்பதற்கென்றே செய்த இயந்திரம் அது. ஆரம்பத்தில் விடியற்காலையில்தான் அனுப்பினார்கள். பிறகு முந்தின இரவே. அடுத்த வீட்டுக்காரன் முந்திக்கொள்வானோ என்ற பயத்தில், கடைசியில் ஒருவரும் அவற்றைத் திருப்பி அழைக்கவே இல்லை. கூரைக்குள் இருக்கும் காற்றோ இத்தனை தலைக்கு என்று அளந்து விடப்பட்டது. வாசலில் தலை எண்ணும் கருவிக்கு இரும்புத் தலையும் தலைதான். ஆக, இடம் உள்ளேயும் இடத்துக்குரியவர்கள் வெளியேயும் இருந்தார்கள்.

“கொஞ்சம் தள்ளிப் படுப்பா” என்றான் பொன்ராசு.

“ஆள் வர்றாங்க, ஐயா.”

அடுத்ததும் அதையே சொன்னது. அதற்கடுத்ததும்.

“மனுசங்களா இவங்க! அவங்கபாட்டுக்கு இடத்தைப் பிடிச்சுப் போட்டுட்டா, மத்தவன் எங்க போவான்?”

“அதுகிட்டப் போய் கத்துறீங்களே. காது இருக்கு, ரோசம் இல்ல” என்றாள் எஸ்தர்.

இதற்குள் ரூபி, சாயம் போன ஒரு துண்டின் பக்கத்தில் குந்தி உட்கார்ந்துவிட்டாள்.

“மாமா, உங்க ஆளு எப்ப வருவாங்க?”

“தெரியாது பாப்பா.”

“அவங்க பேரு என்ன?”

“பேர் சொல்லல. ‘நாங்க வர்ற வரைக்கும் எந்திரிக்காத’ன்னு மட்டும் சொன்னாங்க.”

பொன்ராசு சட்டென்று முன்னே வந்தான். “அந்த நாங்க, நாங்கதான். வந்துட்டோம்.”

இயந்திரம் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தது. “ரொம்ப நாளாக்கிட்டீங்க, ஐயா” என்றபடி முட்டிகள் கிரீச்சிட எழுந்து நின்றது.

தண்ணீரை டம்ளரில் மட்டுமே கண்டிருந்த ரூபி, கால் வைத்ததும் வீறிட்டாள். பிறகு வெளியே வரமாட்டேன் என்றாள். அப்பன் கையைப் பிடித்துக்கொண்டு குதித்ததில் மூவருக்கும் முழங்கால்வரை நனைந்தது. அந்த வாரம் முழுக்க அழாமல் இருந்த எஸ்தர், ஏரித் தண்ணீரை அள்ளி முகத்தில் அடித்துக்கொண்டாள். அந்த ஈரத்தோடு ஈரமாக அழுதும் தீர்த்தாள்.

சங்கு ஊதியது. அவர்கள் நேரம் முடிந்தது. கிளம்பும்போது ஓர் இளைஞன் கைக்குழந்தையோடு மூச்சிரைக்க ஓடிவந்தான். அவன் கையிலும் பயண ஆணை.

“எந்திரிச்சிட்டீங்களாண்ணே? நல்லதாப் போச்சு. நானும் நாளைக்குக் கப்பல் ஏறுறேன். புள்ளை காலை ஒருதரம் நனைச்சுட்டுப் போயிடுறேன்.”

பொன்ராசு ரூபியைப் பார்த்தான். ஏரியைப் பார்த்தான். பிறகு குனிந்து, துண்டை மணல் போக உதறி நேராக விரித்து, இயந்திரத்தைப் படுக்கச் சொல்லிக் கைகாட்டினான்.

“இல்ல தம்பி, வேற இடம் பாருங்க. எம் பொண்ணோட நான் திரும்பி வந்து உக்காரணும்.”

“எப்பண்ணே வருவீங்க?”

“ஒம்பது வருசம் ஆகும்.”

“ஒம்பது வருசமா!”

“பின்ன? இப்ப விட்டுட்டா அப்புறம் இடம் கிடைக்குமா?” என்றான் பொன்ராசு.