ஏழாம் நம்பர் பெட்டி

பேட்டரி கழற்றி மேசையில் குவித்திருந்த பெட்டிகளில் ஒன்றிலிருந்து சர்வருக்குச் செய்தி வந்தது.

'7: ஆள் வேணும்.'

அருள்புரம் பனியன் கம்பெனியில் தீபாவளி லீவு. தெற்கத்தி ஆட்கள் முந்தாநாளே பஸ் ஏறிவிட்டார்கள். நிட்டிங் மிஷின்கள் ஓய்ந்த ஹாலிலிருந்து மிஷின் எண்ணெயும் பஞ்சுத் தூசியும் கலந்த வாடை மெல்ல ஊர்ந்து, லேப்டாப் முன்னால் தனியாக உட்கார்ந்திருந்த தரணியின் தொண்டையில் ஒட்டியது.

முதலாளி மகன். காலேஜ் முதல் வருஷம். சுவர்களில் மாட்டியிருந்த அந்த அவசரப் பெட்டிகளுக்குப் புரோகிராம் எழுதியவன் அவன்தான். ஏதாவது சிக்கல் என்றால் சிவப்புப் பட்டனை அமுக்க வேண்டும். பெட்டியின் நம்பரோடு ஒரு டேட்டாகிராம், ஒற்றை வரிச் செய்தி, சர்வருக்குக் கிளம்பும். போய்ச் சேர்ந்ததா என்று பெட்டிக்குத் தெரியாது. சர்வரும் பதில் சொல்லாது.

"சேதி வந்துச்சுன்னு ஒரு லைட்டாவது எரியக் கூடாதா தம்பி?" என்று குடோன் வேலை ஒச்சாயி ஒருநாள் கேட்டாள்.

"உங்களுக்குப் பதிலு ஒண்ணுதான் கொறைச்சலுங்க," என்றான். ஆபீசே சிரித்தது.

'7: ஆள் வேணும்.'

டேட்டாகிராமில் எந்த நம்பரையும் போட்டு எவனும் அனுப்பலாம். வைஃபை பாஸ்வேர்டு தெரிந்த ஆபரேட்டர் மாதவனின் திமிராகத்தான் இருக்கும். இதுகளுக்கு வேறென்ன தெரியும்? போன் போட்டான்.

"ஏனுங்க மாதவன், காம்பவுண்டுக்கு வெளிய நின்னு வெளையாட்டுங்களா?"

"ஊர்ல இருக்கேன் தம்பி." பின்னால் வெடிச் சத்தம். "ஒச்சாயிக்கா இன்னும் வந்து சேரல. போனும் போகல. குடோன்ல ரோலு அடுக்கிட்டு வாரேன்னுச்சு. நீங்கதான பூட்டுனீக? உள்ள பாத்தீகளா?"

பார்க்கவில்லை. முந்தாநாள் லீவுக்கு மூடும்போது குடோன் சுவரிலிருந்து ஏழாம் பெட்டியைக் கழற்றினான். யாராவது இருக்கிறீர்களா என்று ஒரு குரல் கொடுக்க அலுப்பு. பூட்டினான்.

மேசையில் ஏழாம் பெட்டியின் பட்டன் தானாக உள்ளே போனது. மறுபடி மேலே எழுந்தது.

'7: ஆள் வேணும்.'

பெட்டியையும் சாவியையும் அள்ளிக்கொண்டு குடோனுக்கு ஓடினான். ஹால் இருட்டு. செருப்புச் சத்தம். அவனுடையது மட்டும்.

"ஒச்சாயிக்கா."



பூட்டைத் திறந்தான். கதவு ஒரு சாண் நகர்ந்து நின்றது. உள்ளே சரிந்து கிடந்த துணி ரோல்கள். புளித்த, கனத்த வாடை. செல்போன் வெளிச்சத்தை நீட்டினான்.

ரோல்களுக்கு அடியிலிருந்து ஒரு கை. கறுத்து, ஊதி. விரல்களில் ஈக்கள்.

அந்தக் கை சுவரில் ஏறியது. பெட்டி இருந்த இடம். இரண்டு ஆணி ஓட்டைகள். அவற்றுக்கு நடுவே, வெறும் சுவரில், கட்டைவிரல் அழுந்தியது.

அவன் உள்ளங்கையில் பட்டன் உள்ளே போனது.

இந்த முறை எழவில்லை.